வெளியிலிருந்து திறக்கிறதா?

திருமங்கலம்
9.6.2008

அன்புத் தம்பி அலீமுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அம்மா நலம். முழங்கால் வலி மட்டும் குறையவில்லை.

வெள்ளிக்கிழமை நான் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டாய். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தைக் கிழித்துப் போடலாம்தான். ஆனால் கிழிப்பதற்குள் நான்கு வரியாவது கண்ணில் பட்டுவிடும்.

கண்ணுச்சாமி உனக்கு போன் செய்து என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது. நான் சொல்வதையும் கேள். உப்போடைப்பட்டியில் அவன் போட்டிருக்கும் பொன்வயல் நகரின் நடுவில்தான் உப்போடைக் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாய் இருக்கிறது. வரைபடத்தில் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். தரையில் செம்மண்ணைக் கொட்டி மூடி, மேலே வெள்ளைக் கல் நட்டு மனை எண் எழுதிவிட்டான். போன கார்த்திகையில் அவ்வளவு மழை பெய்தும் கண்மாய் நிறையவில்லை. வர வேண்டிய தண்ணீர் கீழத்தெருவுக்குள் புகுந்தது. மலையம்மாள் என்று ஒரு பெண், கண்மாய்ப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் வைத்திருப்பவர், வீட்டுச் சுவர் இடிந்து, வைத்திருந்த நெல்லும் நனைந்து, மனு டைப் அடிக்க என் ஜெராக்ஸ் கடைக்கு வந்தார். "கையில எழுதுனா யாரும் படிக்க மாட்டேங்குறாக. டைப்படிச்சாப் படிப்பாகளாம்மா?" என்று கேட்டார்.

அவருக்காகத் தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போட்டுக் கிராம வரைபடமும் புலப்படங்களும் வாங்கினேன். ஸ்கேன் செய்து, கண்ணுச்சாமி விற்பனைக்குக் கொடுக்கும் மனைப் படத்தை அதே அளவில் அதன் மேல் பொருத்தினேன். கால்வாயில் விழும் பன்னிரண்டு மனைகளைச் சிவப்பாக்கி, ஓர் இலவச இணையதளத்தில் போட்டேன். இணையதளம் எதற்கு என்று கேட்டாய். அங்கே மனை வாங்குகிறவர்களில் பாதிப் பேர் துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். மண்ணை மிதித்துப் பார்க்காமல் கலர் நோட்டீஸைப் பார்த்து வாங்குகிறார்கள். அவர்கள் கண்ணில் பட வேண்டும் என்றுதான் போட்டேன். பட்டது. உடனே அவனுடைய வக்கீல் அந்த இணையதளக் கம்பெனிக்கு ஒரு கடிதம் போட்டார். அவர்கள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பக்கத்தைத் தூக்கிவிட்டார்கள்.

இனி யாருடைய இடத்திலும் வைக்கப் போவதில்லை. நீ விட்டுப்போன கம்ப்யூட்டரில், நம் வீட்டிலேயே வைத்துவிட்டேன். சர்வர் மென்பொருளை ஒரு புத்தகத்தோடு வந்த சிடியிலிருந்து நானே போட்டேன். வீட்டுக்குள் அழகாகத் திறக்கிறது. ஆனால் பஸ் ஸ்டாண்ட் பிரவுசிங் சென்டருக்குப் போய் அதே 192.168.1.2 என்ற எண்ணை அடித்தால் வரவில்லை. மோடத்தில் ஏதோ செய்ய வேண்டும் என்று புத்தகம் சொல்கிறது. மோடத்துக்குள் போனால் கடவுச்சொல் கேட்கிறது. நீ வைத்த கடவுச்சொல். அதை எழுதி அனுப்பு. வேறு எதுவும் உன்னிடம் கேட்கவில்லை.

அக்கா
நுஸைபா

*

தம்மாம்
24.6.2008

அக்காவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். கிழிக்கவில்லை. இரண்டு தடவை படித்தேன். கோபம் இரண்டு மடங்கானதுதான் மிச்சம்.

கண்ணுச்சாமி ஆறாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவன். பொன்வயல் நகரில் 46-ஆம் எண் மனை என்னுடையது. உன்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீ ஆயிரம் கேள்வி கேட்டிருப்பாய். மனைவியிடம் மறைக்க முடியாது என்று ஜெய்புனுக்கு மட்டும் சொன்னேன். பதினோரு வருடம் இங்கே கட்டிடம் கட்டிடமாகக் கேபிள் இழுத்து வாங்கிய இடம் அது. இரண்டு வருடத்தில் வந்து வீடு கட்டலாம் என்று இருக்கிறேன். நீ அதைச் சிவப்பு மையால் பூசி உலகத்துக்குக் காட்டப் போகிறாயா?

நீ இருக்கும் வீடு யார் பெயரில் இருக்கிறது? டெலிபோன் லைன் யார் பெயரில் இருக்கிறது? நாளைக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தால் என் பெயருக்குத்தான் வரும். நான் இங்கிருந்து பறந்து வந்து கோர்ட்டில் நிற்க முடியுமா? பார்க்கப்போனால் அந்த லைனை இன்றைக்கே சரண்டர் செய்ய என்னால் முடியும்.

அதோடு, வீட்டுக் கம்ப்யூட்டரை வெளியே திறந்துவிடுவது நீ நினைப்பது போல விளையாட்டு இல்லை. உலகம் முழுக்க எவனெவனோ உட்கார்ந்து எந்த வீடு திறந்திருக்கிறது என்று தட்டிக்கொண்டே இருப்பான். அம்மாவை வைத்துக்கொண்டு உனக்கு எதற்கு இந்த வம்பு?

192 என்று தொடங்கும் எண்ணை பிரவுசிங் சென்டரில் அடித்துப் பார்த்தாயாம். சிரித்துவிட்டேன். அது வீட்டுக்குள் மட்டும் செல்லும் எண். வெளியே இருக்கிறவனுக்கு உன் கம்ப்யூட்டரே தெரியாது, மோடத்தின் எண் மட்டும்தான் தெரியும். மோடத்தில் வந்து தட்டுகிறவனை எந்தக் கம்ப்யூட்டருக்கு அனுப்புவது என்று மோடத்துக்கு யாராவது சொல்ல வேண்டும். அது தெரியாமல் சர்வர் வைக்கக் கிளம்பிவிட்டாய்.

கடவுச்சொல் தர மாட்டேன்.

அலீம்

*

திருமங்கலம்
12.7.2008

தம்பி அலீமுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

புத்தகத்தில் பன்னிரண்டு பக்கம் படித்தும் எனக்கு விளங்காததை, என்னைத் திட்டுகிற சாக்கில் நான்கு வரியில் சொல்லிவிட்டாய். அதற்கு நன்றி.

மோடத்தின் பின்னால் ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது. ஊக்கை விட்டுப் பத்து எண்ணும்வரை அழுத்தினேன். உன் கடவுச்சொல் அழிந்தது. கூடவே இன்டர்நெட்டும் போனது. இரண்டு நாள் ஒன்றும் இல்லை. அம்மா, "அவன் வச்சிட்டுப் போனதை ஏன்டி நோண்டுற?" என்று இரண்டு நாளும் கேட்டார். மூன்றாம் நாள் லைன்மேன் முத்துக்கருப்பன் அண்ணன் வந்து, இணைப்பின் பெயரையும் எண்களையும் எங்கே போட வேண்டும் என்று காட்டிக் கொடுத்தார். பிறகு நானே தேடினேன். வெளியே இருந்து எது வந்தாலும் இந்தக் கம்ப்யூட்டருக்கு அனுப்பு என்று ஓர் இடம் இருந்தது, அதில் டிக் போட்டேன். புதுக் கடவுச்சொல்லும் வைத்திருக்கிறேன். நீ ஆயுசுக்கும் கண்டுபிடிக்க மாட்டாய்.

மோடத்தின் வெளி எண்ணைக் குறித்துக்கொண்டு பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன். அடித்தேன். திறந்தது, அலீம்! நம் வீட்டு மேசைக்கு அடியில் இருக்கும் பெட்டியிலிருந்து, பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வந்து நின்றது அந்த வரைபடம். பக்கத்துக் கம்ப்யூட்டரில் இருந்த கல்லூரிப் பிள்ளை என்ன அக்கா சிரிக்கிறீர்கள் என்று கேட்டது.

வீட்டுக்கு வருவதற்குள் கரண்ட் போய்விட்டது. திரும்ப வந்தபோது மோடம் வேறு எண்ணை வாங்கிக்கொண்டுவிட்டது. ஒரு நாளைக்கு மூன்று தடவை கரண்ட் போகிறது, மூன்று தடவையும் எண் மாறுகிறது. அதனால் கடை வாசலில் ஒரு கரும்பலகை மாட்டியிருக்கிறேன். "உப்போடைக் கண்மாய் வரைபடம் பார்க்க இப்போதைய எண்" என்று எழுதி, மாறும்போதெல்லாம் அழித்து எழுதுகிறேன். மனுக் கொடுக்க வருகிறவர்கள், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்ல அதைக் குறித்துக்கொண்டு போகிறார்கள்.

கண்ணுச்சாமி செவ்வாய்க்கிழமை கடைக்கு வந்தான். பலகையைப் படித்தான்.

"அக்கா, அலீம் எனக்கு மாப்ள மாதிரி. நீங்க இப்படிப் பண்ணலாமா?"

"படத்துல தப்பு இருந்தா எடுத்துக் காட்டுங்க. இந்த நிமிஷமே மாத்துறேன்."

"தப்புன்னு நான் சொல்லலையே. அம்புட்டுப் பழைய படத்த இப்ப எதுக்குத் தூக்கிக்கிட்டு அலையிறீக?"

"பழசுன்னு தண்ணிக்குத் தெரியலையே. போன வருஷம் அந்த வழியாத்தான வந்துச்சு."

வீடு தம்பி பேரிலதான இருக்கு என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனான். நீயும் அதையேதான் கேட்டிருந்தாய்.

46-ஆம் எண் உன்னுடையது என்று இப்போதுதான் தெரியும். அது கால்வாயின் நட்டநடுவில் இருக்கிறது. கீழே இன்று காலை எண்ணை எழுதியிருக்கிறேன். நீயே பார்.

நுஸைபா

*

தம்மாம்
28.7.2008

அக்காவுக்கு,

நீ எழுதிய எண் இங்கே வந்து சேர்வதற்குள் நாற்பது தடவை மாறியிருக்கும். அடித்துப் பார்த்தேன். யாருடைய மோடமோ வந்தது.

நீ டிக் போட்டிருக்கும் இடத்தைப் படித்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. எது வந்தாலும் உள்ளே அனுப்பு என்றால் என்ன அர்த்தம் தெரியுமா? வாசலை மட்டும் திறக்கவில்லை, கொல்லை, ஜன்னல், ஓட்டுக்கூரை எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டாய். இந்தக் கடிதம் கிடைத்த நிமிடம் அந்த டிக்கை எடு.

பிறகு இதைச் செய். மோடத்தில் "போர்ட் ஃபார்வர்டிங்" என்ற பகுதிக்குப் போ. வெளியே 8080, உள்ளே 80, போக வேண்டிய இடம் 192.168.1.2. அந்த ஒன்று மட்டும் போதும். வேறு எதையும் திறக்காதே. கம்ப்யூட்டருக்கு அந்த உள் எண் மாறாமல் இருக்கும்படி கையால் எழுதி வை, இல்லையென்றால் ஒரு நாள் மோடம் வேறு எதற்கோ அனுப்பிக்கொண்டிருக்கும். அடுத்து, எண் மாறுவதற்குக் கரும்பலகை தேவையில்லை. இலவசமாக ஒரு பெயர் தரும் தளங்கள் இருக்கின்றன. பெயரைப் பதிவு செய்துவிட்டு, அவர்கள் தரும் சின்ன நிரலைக் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டால், எண் மாறும்போதெல்லாம் அதுவே போய் அவர்களிடம் புது எண்ணைச் சொல்லிவிடும். மக்கள் பெயரை அடித்தால் போதும். எப்படிச் செய்வது என்று தனித் தாளில் வரிசையாக எழுதி இதோடு வைத்திருக்கிறேன்.

இதை உனக்கு உதவியாக நினைக்காதே. என் வீட்டுக்குள் திருடன் வரக்கூடாது என்று எழுதுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். 46-ஐச் சிவப்பிலிருந்து எடுத்துவிடு. மற்ற பதினொன்றையும் என்ன வேண்டுமானாலும் செய்துகொள். அந்த ஒரு மனையை விட்டுவிடு. ஜெய்புனிடம் நான் என்ன முகத்தை வைத்துக்கொண்டு சொல்வேன்?

அலீம்

*

திருமங்கலம்
16.8.2008

தம்பி அலீமுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

நீ எழுதியபடியே செய்தேன். ஒரு வரி விடவில்லை. இப்போது உப்போடை என்று ஆங்கிலத்தில் அடித்து, நீ சொன்ன தளத்தின் பெயரையும் 8080-ஐயும் சேர்த்தால் எங்கிருந்தும் திறக்கிறது. திருப்பரங்குன்றத்தில் பார்த்தேன், மதுரையில் பார்த்தேன். கரண்ட் போய் வந்தாலும் ஐந்து நிமிடத்தில் திரும்ப வந்துவிடுகிறது.

46-ஐ எடுக்க மாட்டேன்.

நீ கேட்டதை நினைத்து இரவு சமைக்கவில்லை, சாப்பிடவில்லை. அம்மாவுக்கும் விஷயத்தைச் சொன்னேன். அம்மா உனக்காக அழுதார். ஆனாலும் எடுக்க மாட்டேன். தம்பியின் மனையை விட்டுவிட்டு மற்றவர்கள் மனையைச் சிவப்பாக்கினேன் என்றால், நாளைக்கு மலையம்மாள் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? படம் முழுக்கப் பொய் என்று கண்ணுச்சாமி சொல்ல அந்த ஒரு மனை போதும்.

வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டது. நீ சொன்னபடி உன் பெயருக்குத்தான். இணைப்புக்குச் சொந்தக்காரரான அப்துல் அலீம் பதினைந்து நாளுக்குள் அந்தப் பக்கத்தை நீக்காவிட்டால் மானநஷ்ட வழக்குப் போடுவார்களாம். நகல் வைத்திருக்கிறேன். அதே வாரத்தில் நம் வீட்டுக்கு வரும் போன் வயரை யாரோ கம்பத்திலேயே நறுக்கிவிட்டார்கள். முத்துக்கருப்பன் அண்ணன் ஏறிப் பார்த்துவிட்டு, "எலி கடிச்சது இல்லம்மா இது. கட்டிங் பிளேயரு" என்றார். மதியத்துக்குள் சேர்த்துக் கொடுத்தார். மறுநாளும் நறுக்கினார்கள். மறுநாளும் வந்து சேர்த்தார். மூன்றாம் நாள் கம்பத்தடியில் மலையம்மாளும் கீழத்தெருப் பெண்கள் நான்கு பேரும் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு வயருக்கு ஒன்றும் ஆகவில்லை.

மலையம்மாள் கொடுத்த மனு மேல் செப்டம்பர் 24-ஆம் தேதி கோட்டாட்சியர் முன் விசாரணை. அதற்குள் லைனைச் சரண்டர் செய்ய வேண்டும் என்று நினைத்தால் செய்துவிடு. உன் லைன், உன் உரிமை. நான் தடுக்க மாட்டேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை அந்தப் பக்கத்தைத் திறந்து பார். பார்க்காமல் செய்யாதே.

நுஸைபா

*

தம்மாம்
3.9.2008

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். முந்தாநாளிலிருந்து நோன்பு. முடியாவிட்டால் நோன்பு வைக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்.

பார்த்தேன். சைட் ஆபீஸ் கம்ப்யூட்டரில், மதிய இடைவேளையில். மேலேயிருந்து மெதுவாக இறங்கி வந்தது படம். கண்ணுச்சாமி எனக்குக் கொடுத்த மனைப் படத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டேன். அவன் படத்தில் "இருபது அடி சாலை" என்று போட்டிருக்கும் இடமும் கால்வாய்தான். என் மனை மட்டுமல்ல, என் மனைக்குப் போகும் வழியும் கால்வாய்.

அப்போதும் மனசு ஒப்பவில்லை. அவனுக்கே போன் செய்தேன். "டேய், 46 கால்வாயிலயா இருக்கு?" என்று நேராகக் கேட்டேன். மறுப்பான் என்று நினைத்தேன். அவன் சொன்னது இது: "மாப்ள, ஒனக்கு எதுக்கு அந்தக் கவலை? பன்னெண்டாம் நம்பர் மேட்டுல இருக்கு, ஒனக்கு மாத்தித் தாரேன். அக்காவை மட்டும் கொஞ்சம் அடக்கி வை."

"அப்ப 46-ஐ என்ன பண்ணுவ?"

"அதுக்கு ஆளா இல்ல? சிங்கப்பூர்ல ஒருத்தன் கேட்டுக்கிட்டே இருக்கான்."

தெரிந்தேதான் விற்றிருக்கிறான், அக்கா. பக்கத்தில் உட்கார்ந்து படித்தவனுக்கே தெரிந்து விற்றிருக்கிறான். அவன் முகத்துக்கு நேராக நான் திட்டியதை நோன்பு மாதத்தில் எழுத முடியாது.

சாயங்காலம் கேம்ப்பில் சொன்னேன். நம் பக்கத்துக்காரர்கள் இரண்டு பேர் அங்கே மனை வாங்கியிருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. சைட் ஆபீஸுக்குக் கூட்டிப் போய்க் காட்டினேன். அவர்கள் ஜுபைலில் இருக்கும் ஆட்களுக்குப் பெயரைச் சொன்னார்கள். இப்போது ஏழு பேர் சேர்ந்திருக்கிறோம். ஒவ்வொருவரும் கோட்டாட்சியருக்குத் தனித்தனியாகப் பதிவுத் தபால் அனுப்புகிறோம்.

இதோடு இரண்டு தாள் வைத்திருக்கிறேன். ஒன்று, என் மனை ஒப்பந்தத்தின் நகல். விசாரணையில் கொடு. இன்னொன்று வக்கீலுக்குப் பதில். இங்கே ஆங்கிலத்தில் யாரையாவது எழுதச் சொல்லலாம் என்று பார்த்தேன், பிறகு தமிழிலேயே எழுதிவிட்டேன். "டெலிபோன் இணைப்பு என்னுடையது. வீடு என்னுடையது. கம்ப்யூட்டரும் என்னுடையது. அதில் இருக்கும் வரைபடம் அரசாங்கத்துடையது. என் அனுமதியோடுதான் அது வெளியே தெரிகிறது. தொடர்ந்து தெரியும். வழக்குப் போடுவதானால் என் மேல் போடவும்." கையெழுத்துப் போட்டு, பாஸ்போர்ட் எண்ணும் எழுதியிருக்கிறேன்.

ஜெய்புனிடம் சொல்லிவிட்டேன். மூன்று நாளாகப் பேசவில்லை. பேசுவாள்.

விசாரணை அன்று காலையில் கரண்ட் போனால் என்ன செய்வாய்? அதற்கு ஏதாவது ஏற்பாடு செய்.

தம்பி
அலீம்

*

திருமங்கலம்
30.11.2008

அன்புத் தம்பி அலீமுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். விசாரணை அன்று போனில் இரண்டு நிமிடம்தான் பேச முடிந்தது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஒவ்வொன்றாக முடியட்டும், சேர்த்து எழுதலாம் என்று இருந்தேன்.

நீ பயந்தபடியே அன்று பத்து மணிக்குத் திருமங்கலத்தில் கரண்ட் போனது. ஆனால் முதல் நாளே மைக் செட் காளையிடம் இன்வெர்ட்டரும் பெரிய பேட்டரியும் கேட்டு வாங்கி, கம்ப்யூட்டரையும் மோடத்தையும் அதில் மாட்டிவிட்டேன். அம்மா நாற்காலியைப் போட்டுக்கொண்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நான் மதுரையில் கோட்டாட்சியர் அறை வாசலில் நிற்கும்போது செல்லில் கூப்பிட்டு, "ஃபேன் நின்னுருச்சு, பொட்டி ஓடுது. நீ உள்ள போ" என்றார்.

கண்ணுச்சாமியின் வக்கீல் எழுந்து, அந்தப் பக்கம் பொய்யானது, அதனால்தான் கம்பெனிக்காரர்களே நீக்கிவிட்டார்கள், இப்போது அப்படி ஒன்று இணையத்தில் இல்லவே இல்லை என்று, கரண்ட் போன தைரியத்தில் சொன்னார். கோட்டாட்சியர் அம்மா என்னைப் பார்த்தார். பெயரை எழுதிக் கொடுத்தேன். அவருடைய கம்ப்யூட்டரில் உதவியாளர் அடித்தார். கொஞ்ச நேரம் வெள்ளையாகவே இருந்தது. வக்கீல் சிரித்தார். பிறகு மேலிருந்து ஒரு விரற்கடை அளவு தெரிந்தது. அப்புறம் இன்னும் ஒரு விரற்கடை. கால்வாய் வளைந்து வரும் இடம் வந்தபோது எல்லோரும் நாற்காலியை விட்டு எழுந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"திருமங்கலத்துல கரண்ட் இல்லையே, இது எந்தக் கம்பெனி சர்வர்?" என்று வக்கீல் கேட்டார்.

"எங்க வீட்டுல, மேசைக்கு அடியில இருக்கு சார். எங்கம்மா காவலுக்கு இருக்காக" என்றேன்.

அதன் பிறகுதான் கோட்டாட்சியர் அம்மா உங்கள் ஏழு பேரின் பதிவுத் தபால்களையும் எடுத்து மேசையில் வைத்தார். உன்னுடைய ஒப்பந்த நகலை நான் கொடுத்தேன். வாங்கினவரே புகார் கொடுக்கிறாரா என்று இரண்டு தடவை கேட்டார்.

பெருநாள் முடிந்து இரண்டாம் வாரம் நில அளவையர் சங்கிலியோடு வந்தார். கீழத்தெருவே கூட நடந்தது. பன்னிரண்டு மனைகளின் கல்லும் கால்வாய்க்குள் இருப்பதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். மண்ணை அள்ளச் சொல்லி உத்தரவு வந்தது. ஐப்பசிக் கடைசியில் ஜேசிபி வந்து மூன்று நாளில் அள்ளியது. கண்ணுச்சாமி மற்ற மனைகளுக்காகக் கோர்ட்டுக்குப் போயிருக்கிறான். அது நடக்கட்டும். உன் மேல் மானநஷ்ட வழக்கு இதுவரை வரவில்லை. வந்தால் நான் பக்கத்தில் நிற்கிறேன்.

இந்த வாரம் புயல் மழை. வியாழக்கிழமை நானும் மலையம்மாளும் உப்போடைப்பட்டிக்குப் போய்ப் பார்த்தோம். உன் மனையில் இடுப்பளவு தண்ணீர் ஓடுகிறது, அலீம். சுழித்துக்கொண்டு ஓடுகிறது. நீ பதினோரு வருடம் உழைத்த இடம் அது என்று எனக்கு மறக்கவில்லை. கரையில் நின்று அழுதேன், அதை உன்னிடம் மறைக்கப் போவதில்லை. மலையம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். கீழத்தெருவுக்குள் ஒரு சொட்டு வரவில்லை. கண்மாயில் முக்கால் அளவு நின்றது.

நேற்று மத்தியானம் கடையில் தனியாக இருந்தேன். வேட்டியெல்லாம் சேறாக ஒரு பெரியவர் வந்தார். நல்லகாமன் என்று பெயர் சொன்னார். சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவராம். சட்டைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் தாளில் சுற்றிய ஒரு வரைபடத்தை எடுத்தார். உள்ளே ஒரு மூலை மட்டும் நனைந்திருந்தது.

"எங்க ஓடையையும் அடைச்சுட்டாகம்மா. இதையும் ஒங்க பொட்டியில ஏத்தி விடணும்."

"யாரு அடைச்சது?"

அவர் வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி ஒரு பெயரைச் சொன்னார். சொன்ன பெயரை இங்கே எழுதவில்லை, நீ தூங்க மாட்டாய். "ரொம்பப் பெரிய ஆளு. பொம்பளப் புள்ள நீங்க. பயமா இருந்தா வேணாம்மா, நான் வாரேன்" என்று வரைபடத்தைத் திரும்பச் சுற்றப் போனார்.

அவர் கையிலிருந்து அதை வாங்கி, நனைந்த மூலையை முந்தானையால் ஒற்றி, ஸ்கேனர் கண்ணாடியில் கவிழ்த்து வைத்தேன். அதற்கப்புறம்தான் அவருக்கு உட்கார நாற்காலி போட்டேன்.

அக்கா
நுஸைபா